உங்கள் வீட்டுப் பிடிவாதம் யாருடையது?

அலுவலகத்தில் எல்லோரும் அவளைக் ‘கட்டம் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். இணையதள வேலைக்கு வருவதற்கு முன்னால் பத்தொன்பது வருடம் ஓர் அச்சகத்தில் படிவங்கள் தயாரித்தவள். பள்ளிச் சேர்க்கையோ, மருத்துவமனை அனுமதியோ, குடிநீர் இணைப்போ, எந்த விண்ணப்பமானாலும் ஒரு கோடு கோணாமல் கட்டம் போட்டுக் கொடுப்பாள். நாற்பத்து நான்காவது வயதில் அச்சகத்தை இழுத்து மூடிவிட்டார்கள். அவள் இடிந்துபோய் உட்காரவில்லை. ஒரு வருடம் வகுப்புக்குப் போய், அதே கட்டங்களைக் கணினித் திரையில் போடக் கற்றுக்கொண்டு, ஐந்து பேர் வேலை பார்க்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தாள்.

அங்கே அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை நகர ஆவணக் காப்பகத்தின் இணையதளம்.

காப்பகத் தலைவர் எதைத் தொடுவதற்கு முன்னாலும் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொள்பவர். பழைய நூற்பாலை, பள்ளிகள், மருத்துவமனை ஆகியவற்றின் பதிவேடுகளை எல்லாம் ஆறு வருடம் உட்கார்ந்து ஸ்கேன் செய்து வைத்திருந்தார்.

“எல்லாம் தயாரா இருக்கும்மா. ஆனா ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கல. நம்ம குடும்பம் எங்கேர்ந்து வந்தது, யார் யார் இருந்தாங்கன்னு தேடணும்னு ஜனங்களுக்கு ஆசை வரணும். அப்படி ஒரு தளம் பண்ணிக் குடுங்க.”

அவள் பண்ணிக் கொடுத்தாள். பதினேழு கட்டங்கள். தந்தை பெயர், தாத்தா பெயர், பிறந்த ஆண்டு, தொழில், தாய்வழி, தந்தைவழி என்று ஒன்றுவிடாமல். தலைவர் பார்த்துவிட்டுக் “கச்சிதம்!” என்றார்.

மூன்று வாரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பக்கத்தைத் திறந்தார்கள். கடைசிக் கட்டம்வரை போனவர்கள் நான்கு பேர். அதில் ஒருவர் தலைவர், இன்னொருவர் அவளுடைய முதலாளி.

“கலரை மாத்திப் பாருங்கக்கா,” என்றார் முதலாளி. நீலத்தைப் பச்சையாக்கினாள். அந்த நான்கு ஐந்தாகவில்லை. பத்தொன்பது வருட அனுபவம் காலை வாரிவிட்டதுபோல் இருந்தது. இத்தனை நாள் தன் படிவங்களை ஜனங்கள் நிரப்பியது பிடித்துப்போய் அல்ல, வேறு வழியில்லாமல்தான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தண்ணீர் வேண்டுமானால் நிரப்பித்தானே ஆகவேண்டும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நாத்தனார் சாப்பிட வந்திருந்தாள். அவளைக் கணினி முன்னால் உட்காரவைத்து, “இதை நிரப்பிக் காட்டேன்,” என்றாள். நாத்தனார் மூன்று கட்டம் மளமளவென்று தட்டினாள். நான்காவதில் விரல் நின்றுபோனது.

“தாத்தா எந்த வருஷம் பிறந்தார்னு எனக்கு எப்படித் தெரியும் அண்ணி? என்ன, பரீட்சை வைக்கிறீங்களா? பெயில் ஆக்கத்தான் கூப்பிட்டீங்களா?” என்று எழுந்துவிட்டாள்.

“உட்கார்ந்து யோசிச்சுப் பாரு,” என்றார் கணவர், சோபாவிலிருந்து.

“முடியாதுன்னா முடியாது.”

“பார்த்தியா, பிடிவாதம்! அப்படியே அம்மா பக்கத்துப் பிடிவாதம்.”

“அம்மா பக்கமா? அம்மா வாயில்லாப் பூச்சி. இது அப்பா பக்கம். சந்தேகம்னா சித்தப்பாவைக் கேளு.”

கணவர் சித்தப்பாவுக்குப் போன் போட்டார். சித்தப்பா, அத்தையைக் கேட்கச் சொன்னார். அத்தை ஒரே போடாகப் போட்டாள்: “எங்க அப்பாவோட தங்கச்சி ஒருத்தி இருந்தா. மில்லுல வேலை பார்த்தா. அவ ஒண்ணு சொன்னா சொன்னதுதான். மேனேஜரே பயப்படுவாராம். அங்கேர்ந்து வந்ததுடா இது!” அண்ணனும் தங்கையும் போனை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். சாப்பாடு ஆறி அவலாய்ப் போனது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

அவள் மட்டும் தட்டை நகர்த்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒண்ணே முக்கால் மணி நேரம்! அவளுடைய படிவத்தில் ஒரு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்காத அதே நாத்தனார்.

மறுநாள் காலை பதினேழு கட்டங்களையும் அழித்தாள். வெறும் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி வைத்தாள்: ‘உங்க வீட்டுப் பிடிவாதம் யார்கிட்டேர்ந்து வந்தது?’ அதன் கீழே ஒரே கட்டம், பக்கத்தில் ‘தெரியாது’ என்று ஒரு பெரிய பொத்தான். அதை அழுத்தினால் திட்டாது. ‘யாரைக் கேட்டா தெரியும்? இப்பவே போன் பண்ணுங்க’ என்று சொல்லும். கேட்டு வந்து ஒரு பெயரைப் போட்டால், அவர் எங்கே வேலை பார்த்தார், எங்கே படித்தார் என்று விசாரித்து, பொருத்தமான பதிவேட்டின் பக்கத்தையே கண்முன் விரிக்கும். மறுமுறை வருபவருக்கு வேறு கேள்வி: ‘இந்த மூக்கு யாரோடது?’ ‘இந்தக் குறட்டை யாரோடது?’

தலைவர் விரல்களை இரண்டுமுறை துடைத்தார். “குறட்டையா? இது ஆவணக் காப்பகம்மா. ஒரு மரியாதை வேண்டாமா?”

“மரியாதையாக் கேட்டதுக்கு நாலு பேர்தான் கடைசிவரைக்கும் வந்தாங்க சார். அதுல நீங்களும் ஒருத்தர். ஒரு மாசம் விட்டுப் பாருங்க. யாரும் வரலைன்னா பழையதை நானே மாட்டித் தர்றேன்.” அவரை எதிர்த்து அவள் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “சரி, ஒரு மாசம்,” என்றார்.

ஒரு மாதம் தேவைப்படவில்லை. முதல் வாரத்திலேயே மூவாயிரம் பேர். இரண்டாவது வாரம் தளம் மூச்சுத் திணறி நின்றது. முதலாளி ஓடிப்போய் சர்வரில் இடம் கூட்டி வாங்கினார். மூன்றாவது வாரம், திரையில் பார்த்தது போதாமல் ஜனங்கள் நேரிலேயே வந்துவிட்டார்கள். படிப்பறையில் பன்னிரண்டு நாற்காலிதான். தலைவர் தன் அறை நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து போட்டார், விரலைத் துடைக்க மறந்து.

அந்தக் கூட்டத்தில் நாத்தனாரும் இருந்தாள். நூற்பாலைப் பதிவேட்டில் அப்பாவின் அத்தை பெயரைக் கண்டுபிடித்து, குறிப்பை விரலால் தடவித் தடவிப் படித்தாள்: ‘மேற்பார்வையாளரை எதிர்த்துப் பேசியதால் மூன்று நாள் பணி இடைநீக்கம். நான்காம் நாள் வந்து, பேசியது பேசியதுதான் என்றார். மீண்டும் மூன்று நாள்.’

“அண்ணீ!” என்று அவள் போட்ட சத்தத்தில் அறையே திரும்பிப் பார்த்தது. “அப்பா பக்கம்தான்! நான் சொன்னேன்ல? எழுத்துல இருக்கு, பாருங்க!” சிரிப்பும் அழுகையுமாக அண்ணியைக் கட்டிக்கொண்டாள். அறை முழுக்க முன்பின் தெரியாதவர்கள் கைதட்டினார்கள். ‘சத்தம் போடாதீர்’ பலகைக்குக் கீழே நின்றுகொண்டு தலைவரும் தட்டினார்.

அடுத்த மாதமே இரண்டு நகரங்களின் காப்பகங்கள் அவளைத் தேடி வந்தன. முதலாளி அவளை வடிவமைப்புப் பிரிவுக்குப் பொறுப்பாக்கினார். பிரிவில் மொத்தம் இரண்டு பேர்தான் என்றாலும், பொறுப்பு பொறுப்புதானே.

ஒருநாள் காலை அவள் மேசைக்கு ஒரு போன் வந்தது. நடுத்தர வயதுக் குரல், கடுகடுவென்று. “உங்க தளத்தால எங்க வீட்டுல ரெண்டு நாளா ஒரே சண்டை. ஒருத்தரும் தூங்கலை.”

“அய்யோ, என்ன சண்டைங்க?”

“பெரியப்பாவோட காது எனக்கு வந்திருக்கா, என் தம்பிக்கு வந்திருக்கான்னு.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். “பெரியப்பா எங்க படிச்சாருன்னு தெரியுமா?”

எதிர்முனையில் பேனா மூடி திறக்கிற சத்தம் கேட்டது. “தெரியாது. யாரைக் கேட்கணும், சொல்லுங்க.”