சாக்பீஸ் வட்டம்

நேற்று கூரியரில் ஒரு தோல் கைப்பை வந்தது. பெட்டியைத் திறந்ததும் பையைப் பார்க்காமல் மூக்கருகே கொண்டுபோனேன். "இன்னா, நாய்க்குட்டி மாதிரி மோந்து பாத்துனு இருக்க?" என்றார் வீட்டுக்காரர். தோல் வாசனை வந்தால் மற்றவர்களுக்குச் செருப்புக்கடை நினைவுக்கு வரும். எனக்கு ஒரு ஸ்கேனர் மூடிதான் நினைவுக்கு வரும்.

சத்துவாச்சாரியில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அப்போது எங்கள் அலுவலகம். கேம் கம்பெனியில் வேலை என்று சொன்னால், "கேரம் போர்டு செய்றீங்களா?" என்று கேட்ட சொந்தக்காரர்கள் எனக்கு உண்டு. அலுவலகத்தில் மொத்தம் ஆறு பேர். என் வேலை, கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் வரும் நிலத்தை உண்டாக்குவது. கேட்க ஏதோ பிரம்மாவின் உத்தியோகம் மாதிரி இருக்கும். விஷயம் இவ்வளவுதான்: ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வேண்டும். வெள்ளையாக இருக்கும் இடம் உச்சி, கறுப்பு பள்ளம், நடுவில் இருக்கும் சாம்பல் எல்லாம் சரிவு. கம்ப்யூட்டரிடம் கொடுத்தால் அதை அப்படியே மேடும் பள்ளமுமாக எழுப்பிவிடும். ஏலகிரிக்கு அத்தனை தடவை போய் வந்தும், நான் வரைந்த மலைகள் எல்லாம் இட்லியாகவே எழும்பின. சார், அதாவது முதலாளி, திரையைப் பார்த்துவிட்டு "சாம்பார் எங்கம்மா?" என்பார்.

அதற்கு வழி கண்டுபிடித்தவள் என்னோடு வேலை பார்த்த நஸ்ரின். ஆம்பூரிலிருந்து தினமும் ரயிலில் காட்பாடி வந்து, பஸ் பிடித்து வருவாள். ஆறு மாதம் தற்காலிகம், பிறகுதான் நிரந்தரம் என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். "பர்மனென்ட் ஆச்சுன்னா வீட்டுல வேலைக்கு அனுப்புவாங்க. இல்லாட்டி நிக்காஹ் பேச்சுதான். அப்புறம் கதை முடிஞ்சிச்சி" என்று டிபன் பாக்ஸைத் திறந்தபடி சொல்வாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். அந்த ஆறு மாதத்தை நாள்காட்டியில் ஒவ்வொரு நாளாக அவள் அடித்துக்கொண்டு வந்தது எனக்குத் தெரியும்.

ஒருநாள் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு ஆட்டுத்தோல் துண்டு கொண்டுவந்தாள். "மலை வரைய வரலன்னா விடுடி. இத ஸ்கேன் பண்ணிப் பாரு." பண்ணினோம். ஐயோ, அந்த நிலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! தோலின் நரம்பெல்லாம் ஆறாக ஓடியது. உண்ணி கடித்த தழும்புகள் குட்டைகளாயின. ஆடு எந்த முள்வேலியில் கீறிக்கொண்டதோ, அது ஒரு பள்ளத்தாக்கு. அதன் பிறகு ஸ்கேனர் மூடியைத் திறந்தாலே தோல் தொழிற்சாலை வாசனை. சார் ஊதுபத்தி ஏற்றுவார். "எங்க ஊருக்குள்ள பஸ் போனா ஜன்னல மூடுவீங்க இல்ல, இப்ப நல்லா மோந்து பாருங்க" என்பாள் நஸ்ரின்.

அவள் அப்பா தோல் தொழிற்சாலையில் தரம் பிரிப்பவர். மேஜையில் தோலை விரித்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்து, குறை இருக்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். முந்தைய வருடம்தான் இறந்துபோயிருந்தார். கடைசி நாள் வேலை முடிந்து வீட்டுக்கு எடுத்துவந்த துண்டு இது. மூலையில் ஒரு தழும்பைச் சுற்றி அவர் போட்ட வட்டம் அப்படியே இருந்தது.

அக்கா குழந்தைக்கு விசேஷம் என்று ஒரு வெள்ளிக்கிழமை நஸ்ரின் லீவு. அன்றைக்கென்று பார்த்து, மதியம் வாடிக்கையாளருக்குப் புது நிலத்தைக் காட்ட வேண்டும். அதனால் முதல் நாளே சொல்லிவிட்டுப் போனாள். "மூலையில அப்பா போட்ட மார்க் இருக்கு. அத விட்டுட்டு மீதிய எடு. கவரோடவே வை. தொடச்சிடாத, சரியா?"

சரி என்றேன். மறுநாள் ஒரு கையில் டீயும் மறு கையில் பஜ்ஜியுமாக, முழுத் தோலையும் ஸ்கேன் செய்துவிட்டேன். நிலம் பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்ற அறிவுக் கொழுந்து நான்.

தோலில் இல்லாத வெள்ளை சாக்பீஸில் இருந்தது. வெள்ளைதான் உச்சி என்று சொன்னேன் அல்லவா? வீடியோவில் வாடிக்கையாளர் பார்த்துக்கொண்டிருக்க, கதாநாயகனை நிலத்தில் இறக்கினால், அவனைச் சுற்றிலும் வானம் முட்டும் வட்டச் சுவர். எந்தப் பக்கம் குதித்தாலும் வழுக்கி விழுந்தான். "இது என்ன, கிணறா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுச் சிரித்தார் அந்த மனிதர்.

அழைப்பை வைத்ததும் சார் திரும்பினார். "யார் வேல இது? அந்தப் பொண்ணு கொண்டாந்த தோல்தானே?"

"ஆமா சார்" என்றேன்.

பொய் இல்லை பாருங்கள். அந்தச் சமாதானத்தை வைத்துக்கொண்டுதான் எத்தனை வருடம் ஓட்டினேன்!

ஒரு மணி நேரத்தில் சரிசெய்யச் சொன்னார். படத்தில் அந்த மூலையை மட்டும் வெட்டிவிட்டிருந்தால் போதும், இரண்டு நிமிட வேலை. ஆனால் திங்கட்கிழமை அவள் வந்து சாரிடம், "இத விட்டுட்டுத்தான எடுக்கச் சொன்னேன்" என்று வட்டத்தைக் காட்டினால்? ஈரத்துணியை எடுத்துத் துடைத்தேன். அவசரத்தில் செய்தேன் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டேன். அவசரம் ஒன்றும் இல்லை, பயம். மறுபடி ஸ்கேன் செய்து, பழைய படத்தின் மேலேயே அதே பெயரில் சேமித்தேன். நிலம் பிரமாதம் என்றார்கள்.

திங்கட்கிழமை, இனி வர வேண்டாம் என்று நஸ்ரினிடம் சொல்லிவிட்டார் சார். ஐந்து மாதம் முடிந்திருந்தது. நேரே என் மேஜைக்கு வந்தாள். திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். "தோல குடு" என்றாள். கொடுத்தேன். உறையிலிருந்து எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். கட்டைவிரலால் அந்தத் தழும்பைத் தடவினாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடி தடவினாள்.

"எங்கடி?" என்றாள்.

அவள் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

அந்த விளையாட்டு இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை. அலுவலகம் இருந்த மாடியில் டியூஷன் சென்டர். அவள் அப்பா வேலை பார்த்த இடம் கல்யாண மண்டபமாகிவிட்டது. நஸ்ரினின் எண் வேலை செய்த காலத்தில் நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டபோது வேறு யாரோ எடுத்தார்கள். நான் இன்றும் நிலம்தான் செய்கிறேன், வீட்டிலிருந்தே. பொத்தானை அழுத்தினால் மலை தானாக வந்து நிற்கிறது, தோலும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம்.

நேற்று அந்தக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வெற்றுப் படத்தில் அந்த வட்டத்தை வரைந்து பார்த்தேன். எவ்வளவு பெரியது என்பது நினைவிருக்கிறது. எந்தப் பக்கம் தொடங்கி எங்கே வந்து சேர்ந்தது என்பது நினைவில்லை. நஸ்ரினுக்கு நினைவிருக்கும்.