அத்தான் கார் ஓடப் பழகிய காலம்

முதல் வளைவு வந்தபோது அத்தான் ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் பொத்தி நெரித்தார். விரல் மூட்டுகள் வெளிறிப்போயின. காலடியில் பிறேக் சும்மா கிடந்தது. கொம்பியூட்டர்த் திரையில் கார் நேரே போய்ப் புல்லில் ஏறி, இரும்பு வேலியில் மோதி, மூக்கு நசுங்கி நின்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் தேடியது சைக்கிள் பிறேக்கை என்பது பிறகுதான் விளங்கியது. பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். அங்கே ஓடிய ஒன்றிரண்டு கார்களும் மண்ணெண்ணெயில் புகைந்து புகைந்து ஓடியவை. சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போனார், சைக்கிளில்தான் வேலைக்குப் போனார், ஊரோடு இடம்பெயர்ந்தபோதும் சைக்கிளில்தான் சாமான் கட்டிக்கொண்டு போனார். ஆபத்து என்றால் கையை இறுக்க வேண்டும் என்றே அவருடைய உடம்பு படித்திருந்தது.

அவர் என் அக்காவின் கணவர். அக்கா சின்ன வயதிலேயே பெரியப்பா குடும்பத்தோடு கனடா போனவள். சமாதானப் பேச்சு நடந்து, பாதை திறந்திருந்த காலத்தில் அவள் கொழும்புக்கு வந்தாள். யாழ்ப்பாணத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலைசெய்துகொண்டிருந்த அத்தானைப் பேசிச் செய்துவைத்தார்கள். வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் கலியாணம். லீவு முடிய அக்கா திரும்பிப் போனாள். அவரைக் கனடாவுக்குக் கூப்பிடும் விசா அலுவல் முடியும்வரை அத்தான் கொழும்பிலேயே நிற்பதென்று முடிவாயிற்று. கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் எங்கள் ஃப்ளாட்டில் இருந்தவை இரண்டே அறைகள். அதில் ஒன்றில் கலியாணமாகாத தங்கச்சி நான். ஆகவே பெருந்தெருவான காலி வீதிக்கு அந்தப் பக்கம் ஒரு லொட்ஜில் அவருக்கு அறை எடுத்தார்கள். சாப்பாடு மட்டும் எங்கள் வீட்டில்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா போன் எடுப்பாள். ஒருநாள் அவள் சொன்னது ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. "இங்க கார் ஓடத் தெரியாட்டி கால் இல்லாத மாதிரி, கேட்டியளோ. ஸ்னோவுக்குள்ள பஸ்ஸுக்கு நிண்டு பாருங்கோ, அப்ப தெரியும்." பகிடியாகத்தான் சொன்னாள். அத்தானோ அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அடுத்த கிழமையே ஒரு ட்ரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தார். கிளச்சை விடும்போது கார் குதிரை மாதிரித் துள்ளுகிறது என்று வந்து அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்ததை நான் கண்டது அந்த நாட்களில்தான்.

அதற்குள் சண்டை மறுபடி தொடங்கிவிட்டது. சந்திக்குச் சந்தி மணல்மூட்டை ஏறியது. வாகனங்களில் குண்டு வருகிறது என்ற பயம் ஊரெல்லாம் இருந்தது. ஒருநாள் பழக்கும் காரை மறித்து அடையாள அட்டை கேட்டார்கள். யாழ்ப்பாண விலாசம். "மொகடத ட்ரைவிங் இகெனகன்னே?" என்று கேட்டானாம் ஒருவன். எதற்காக ட்ரைவிங் பழகுகிறாய்? அத்தானுக்கு அந்தளவு சிங்களம் விளங்கும். பதில் சொல்லுமளவுக்கு வராது. "வைஃப், கனடா, ஸ்னோ" என்று சொல்லியிருக்கிறார். ஸ்னோ என்ற சொல்லைக் கேட்டு அவர்கள் சிரித்தார்களாம். பிறகு ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். அப்பா கலியாண சேர்ட்டிபிக்கட்டையும் கலியாணப் பட அல்பத்தையும் தூக்கிக்கொண்டு பொலிசுக்கு ஓடினார். பொழுதுபடத்தான் விட்டார்கள். அடித்தார்களா என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சாப்பிட உட்கார்ந்தவர் வலக்கையை மடியிலேயே வைத்துக்கொண்டு இடக்கையால் சோறு பிசைந்ததை மட்டும் அம்மா பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய் அழுதாள். ட்ரைவிங் அத்தோடு நின்றது.

அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டு நாற்காலியில் பேப்பரை விரித்தபடி ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரை எழுப்பிக் கொண்டுபோய்க் கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்த்தியவள் நான். அப்போது எனக்கு இருபது வயது. கணக்கியல் வகுப்பு, வகுப்பு விட்டால் வீடு. சோதனைச்சாவடிகளுக்குப் பயந்து அம்மா என்னை வேறெங்கும் விடமாட்டாள். அதை ஈடுசெய்வதுபோல அக்கா அனுப்பியிருந்த சாமான்களில் ஒன்றுதான் அந்தக் கார்ப்பந்தய விளையாட்டு. மேசை விளிம்பில் பூட்டும் ஸ்டியரிங், கீழே வைக்க இரண்டு மிதிகள், கியர் மாற்ற ஒரு பிடி. மற்றப் பிள்ளைகள் ஆளைச் சுட்டு விளையாடிய காலத்தில் நான் அதில் கிறுக்காயிருந்தேன். அது சும்மா வேகமாக ஓடும் விளையாட்டல்ல. டயர் தேயும், தேய்ந்தால் வளைவில் வழுக்கும். பெற்றோல் குறையக் குறையக் காரின் பாரம் குறைந்து, அதன் குணமே மாறும். மழையை வரவழைக்கலாம். சக்கரம் ஓரத்து மண்ணில் இறங்கினால் ஸ்டியரிங் கைக்குள் உதறும். உள்ளேயிருந்து பார்க்கும் பார்வையில் கண்ணாடிகளில் பின்னால் விட்டுவந்த பாதை தெரியும். ஓடி முடித்தபின் ஓடியதையே வெளியிலிருந்து போட்டுப் பார்க்கலாம்.

மோதினால் கார் எவ்வளவு பழுதாக வேண்டும் என்பதையும் நாங்களே வைக்கலாம். ஒன்றுமே ஆகாமலும் வைக்கலாம், ஒரே மோதலில் எஞ்சின் நின்றுபோகிற மாதிரியும் வைக்கலாம்.

"அத்தான், பழகும் வரைக்கும் டமேஜை ஓஃப் பண்ணி விடட்டோ?" என்று கேட்டேன்.

"வேண்டாம் பிள்ளை. முழுக்க வையும். இடிச்சா இடிச்சதுதானே. அங்க போய் ஓஃப் பண்ண ஏலுமே?"

போட்டிக்காரர் எல்லோரையும் எடுத்துவிடச் சொன்னார். இடப்பக்கம் ஸ்டியரிங் உள்ள கார் வேண்டும், ஏனென்றால் கனடாவில் அப்படித்தான். பந்தயப் பாதைக்குப் பக்கம் ஏது, ஆனாலும் அவர் வலப்பக்கத்தை விட்டு விலகமாட்டார். ஆளில்லாத ஒரு மலைப்பாதையில், மழையைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் கண்ணாடியைப் பார்த்து, வேகம் குறைத்து, முட்டையை ஏற்றிக்கொண்டு போகிறவர் மாதிரி ஓடுவார். அம்மா கதவடியில் இருந்து பயிற்றங்காய் முறித்துக்கொண்டே பார்ப்பாள். "உதென்ன ரேஸ், தம்பி? மாட்டுவண்டி முந்திப் போடுமே" என்பாள்.

அப்போதுதான் ஒருநாள் அதைச் சொன்னார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், அம்மாவுக்கோ எனக்கோ என்றில்லாமல் பொதுவாகச் சொன்னார். "அவ வேலை முடிஞ்சு களைச்சு வருவா. பக்கத்தில நித்திரை கொள்ளுவா. நான் பிறேக் பிடிக்கிறது அவவுக்குத் தெரியக்கூடாது." அதற்குப் பிறகு அம்மா பகிடி பண்ணவில்லை. அந்தக் காரின் பக்கத்து இருக்கையில் என் அக்கா தூங்கிக்கொண்டிருக்கிறாள் என்பது எங்கள் மூவருக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டது. கடலோரம் ரெயில் போகும்போது ஜன்னல் சட்டங்கள் அதிரும். அத்தான் அதற்கும் சேர்த்துக் கொஞ்சம் வேகத்தைக் குறைத்துக்கொள்வார்.

கனடா விசா நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அக்காவின் வீட்டுச் சுவர் என்ன நிறம், எந்தப் பக்கம் ஜன்னல், காலையில் என்ன சாப்பிடுவாள் என்றெல்லாம் பாடமாக்கிக்கொண்டு போனார். எல்லாவற்றுக்கும் தடுமாறாமல் பதில் சொன்னார். அதுவே பிழையாகப் போயிற்று என்று பிறகு அக்காவின் லோயர் சொன்னாராம். புருஷன் பெண்சாதியாக வாழ்ந்தவர்கள் இவ்வளவு சரியாகச் சொல்லமாட்டார்களாம். விசா இல்லை. அப்பீல் போட்டார்கள். அது முடிய வருடக்கணக்காகலாம் என்றார்கள். அத்தான் "ஓம்" என்று கேட்டுவிட்டு வந்து ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தார். அந்த மாதங்களில் அவர் என்னைவிட நன்றாக ஓடினார். கொட்டும் மழையில், தேய்ந்த டயரில், மலைப்பாதை முழுவதையும் ஒரு கீறல் விழாமல் ஓடி முடிப்பார். முடித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாதவர்போல மறுபடியும் தொடங்குவார்.

ஒரு காலை, லொட்ஜ்களில் தங்கியிருந்த வடக்குக் கிழக்கு ஆட்களைப் பொலிஸ் வந்து எழுப்பியது. கொழும்பில் நிற்கச் சரியான காரணம் இல்லாதவர்கள் ஊருக்குப் போக வேண்டுமாம். விசா மறுக்கப்பட்டவருக்கு என்ன காரணம் இருக்கிறது? உடுப்பை ஒரு பையில் திணிக்க விட்டார்கள், பஸ்ஸில் ஏற்றினார்கள். பக்கத்துக் கடைக்காரர் வந்து சொல்லி அப்பா உடுத்திருந்த சாரத்தோடு ஓடியபோது பஸ் போய்விட்டிருந்தது. பின்னேரம் வவுனியாவிலிருந்து அத்தான் போன் எடுத்தார். "மாமா, பிரச்சினை இல்லை. தண்ணி தந்தவங்கள்" என்றார்.

பிறகு நீதிமன்றம் அது பிழை என்றது, திரும்பி வரலாம் என்றார்கள். அப்பா வரச் சொல்லிக் கெஞ்சினார். அத்தான் வரவில்லை. "திருப்பியும் பஸ்ஸில ஏத்துவாங்கள் மாமா. மானம் கெட்டுப்போச்சு" என்றாராம். யாழ்ப்பாணப் பாதை மூடியிருந்தது. கிளிநொச்சியில் அவருடைய ஒரே தமக்கை, புருஷனை இழந்தவர், தனியே இருந்தார். அப்பீல் முடியும்வரை அங்கே நிற்கலாம் என்று போனார். அந்தப் பாதையும் அவருக்குப் பின்னால் மூடியது. முதலில் கடிதம் நின்றது, பிறகு போன் நின்றது. அப்பீலுக்கு நாள் குறித்தபோது ஆளைத் தொடர்புகொள்ள வழியில்லை. அக்கா மட்டும் போய் நின்றாள். கணவர் எங்கே என்று கேட்டதற்கு அவளால் சொல்ல முடிந்தது 'தெரியாது' என்பதுதான்.

சண்டை முடிந்து பல மாதங்களுக்குப் பிறகு, முகாமிலிருந்து வந்த ஒருவர் மூலம் அவர் உயிரோடு இருப்பது தெரிந்தது. அதற்கிடையில் அக்கா செத்த வீட்டுக்கு அழுவதுபோல ஒரு முறை அழுது முடித்து, வேறொரு வாழ்க்கைக்குள் போயிருந்தாள். அவளைக் குறைசொல்ல இந்த வீட்டில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அத்தானும் குறை சொல்லவில்லை. அவள் அனுப்பிய விவாகரத்துப் பத்திரங்களில் கையெழுத்து வைத்துக் கொடுத்தார்.

வவுனியாவில் ஒரு மருந்துக்கடையில் அவருக்கு வேலை கிடைத்தது. பிறகு ஒரு தரம் வேலை விஷயமாக அந்தப் பக்கம் போனபோது அவரைப் போய்ப் பார்த்தேன். நானே காரை ஓட்டிக்கொண்டு போயிருந்தேன். மத்தியானம், கடைக்கு எதிரே ஒரு மரநிழலில் நின்று கதைத்தோம். தலை முழுக்க நரைத்திருந்தது. காரைச் சுற்றிவந்து பார்த்தார், டயரைக் குனிந்து பார்த்தார். அந்த விளையாட்டை நான்தான் ஞாபகப்படுத்தினேன். எதையாவது கதைக்க வேண்டுமே என்று.

"நான் ஒருக்கா உண்மையா ஓடினனான் பிள்ளை" என்றார்.

கடைசி இடப்பெயர்வுகளில் ஒன்றில், தமக்கைக்கு வயிற்றில் துப்பாக்கிச் சன்னம் பட்டிருக்கிறது. காயக்காரர்களை ஏற்றிய ஒரு வான் நின்றது. ஏற்றி முடியவும் ட்ரைவர் சூடு பட்டு விழுந்துவிட்டான். "ஆருக்கு ஓடத் தெரியும்?" என்று கத்தினார்கள். அத்தான் ஏறினார். ஸ்டியரிங் வலப்பக்கம், எல்லாம் அவர் திரையில் பழகியதற்குத் தலைகீழ். ஆனாலும் ட்ரைவிங் ஸ்கூலில் பழகிய கிளச் கைகொடுத்தது, வான் எடுபட்டது. மழை பெய்து பாதை சேறாகக் கிடந்ததாம். சேற்றில் சக்கரம் இழுத்தபோது பயப்படாமல் பிடித்தாராம். "அதெல்லாம் உம்மட கேமில இருந்ததுதான். அப்படியேதான் இருந்தது."

குனிந்து என் காரின் டயரில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

"அதில ஒண்டுதான் இல்லை. றோட்டில ஆக்கள் இல்லை. இங்க றோட்டு முழுக்கச் சனம். நடக்கிற சனம், சைக்கிள் உருட்டிற சனம், படுத்துக் கிடக்கிற சனம். ஹோர்ன் அடிச்சாலும் ஆருக்குக் கேட்கும்? பின்னால இருந்து 'மேலால ஏத்திக்கொண்டு போ, ஏத்திக்கொண்டு போ' எண்டு கத்தினவங்கள். எனக்குக் கால் வரேல்லை பிள்ளை. ஒவ்வொருத்தருக்கும் பிறேக் பிடிச்சுப் பிடிச்சுத்தான் போனனான். ஒருத்தரையும் நான் முட்டேல்லை."

ஆஸ்பத்திரி என்று சொன்ன பள்ளிக்கூடத்துக்கு வான் போய்ச் சேர்ந்தது. பின்கதவைத் திறந்தபோது அவருடைய தமக்கையும் அவரோடு கிடந்த இன்னும் சிலரும் முடிந்திருந்தார்கள். கத்தியவர்களில் ஒருவன் உயிரோடு இருந்தானாம். இறங்கி வந்து அத்தானின் முகத்தைப் பார்த்தானாம்.

நீங்கள் செய்தது சரி என்று சொன்னேன். அவர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. அவருடைய வீடு பஸ்ஸில் போகிற தூரம் என்றார். கொண்டுபோய் விடுகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். பேச்சை மாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "இப்பதான் செக்பொயின்ட் ஒண்டும் இல்லையே அத்தான், லைசென்ஸை எடுங்கோவன்" என்றேன்.

அவர் தூரத்தில் வந்துகொண்டிருந்த பஸ்ஸுக்குக் கை காட்டினார்.

"எடுக்கலாம்" என்றார். "எடுத்து, ஆரை ஏத்திக்கொண்டு போறது?"

பஸ் நிற்க முன்னமே படியில் கால் வைத்து ஏறிவிட்டார்.