அரிசிக்குள் கால்

காலில் கட்டு இருந்தால் ஊர் வந்து பார்க்கும். கட்டு அவிழ்த்த பிறகும் நோகிறதென்றால் அதே ஊர் நமட்டுச் சிரிப்புச் சிரிக்கும். "வெளியிலை ஒண்டையும் காணேல்லையே" என்று குனிந்து என் வலது பாதத்தைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர்! அவர்கள் நம்புவதற்கு நான் தோலை உரித்து நரம்பைக் காட்டியிருக்க வேண்டும் போல.

நான் நெல்லியடிக்கும் யாழ்ப்பாண நகரத்துக்கும் இடையில் மினிபஸ் ஓட்டுகிறவன். பஸ்ஸிலிருந்து கழற்றி வைத்த சில்லு ஒன்று சரிந்து பாதத்தின் மேல் விழுந்தது. எலும்பு பொருந்திவிட்டது. நரம்பு பொருந்தவில்லை. இடுப்பில் கட்டிய சாரத்தின் விளிம்பு பட்டாலே நெருப்புச் சுட்டதுபோல எரியும். மின்விசிறிக் காற்றுக்கே காலை இழுத்துக்கொள்வேன். அந்தக் காலால் பிறேக்கை எப்படி மிதிப்பது?

பஸ் முதலாளி வந்தார். "கோயில் திருவிழா முடியுமட்டும் பாப்பம். பிறகும் ஏலாட்டில் நான் வேறை ஆளைத்தான் போடவேணும். குறை நினையாதை" என்றார். குறை நினைக்காமல்? அவர் படலையைத் தாண்டுவதற்குள் நினைக்கக்கூடிய அத்தனையும் நினைத்துவிட்டேன். பஸ்ஸை விட்டால் எனக்கு வேறொரு தொழிலும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் பயிற்சி தருகிற பிள்ளைக்கு கட்டிக்கொடுத்த என் மகளின் வயதுதான் இருக்கும். "எலும்பு சுகம் அண்ணை. நரம்புதான் இன்னும் பயந்துபோய் நிக்குது. தொட்டுத் தொட்டுத்தான் அதின்ரை பயத்தைத் தெளியவைக்கவேணும்" என்றாள். முதலில் பஞ்சால் தடவுவது, பிறகு துவாய்த் துணியால். அது பழகியதும் வீட்டில் ஒரு பேசின் நிறைய அரிசி போட்டு, அதற்குள் காலை விட்டு அளைய வேண்டும். பஞ்சால் தடவியதற்கே நான் போட்ட சத்தத்தில் அடுத்த கட்டிலில் இருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். அவளோ சிரித்த முகம் மாறாமல் தடவிக்கொண்டே இருந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அரிசி என்றதும் வீட்டில் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அரிசிக்குள்ளை கால் வைக்கிறதோ? ஆரும் கேட்டால் காறித் துப்புவினம்."

அவள் பண்டத்தரிப்பில் வயல் செய்த வீட்டுப் பிள்ளை. ஒரு பருக்கை சிந்தினாலும் கால் படமுதல் குனிந்து பொறுக்கிவிடுவாள். இடம்பெயர்ந்திருந்த காலத்தில் பை கிழிந்து சேற்றில் கொட்டுண்ட அரிசியை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கிக் கழுவிக் கஞ்சி வைத்தவள். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் கத்தினேன். "அரிசிக்கு இருக்கிற மரியாதை என்ரை காலுக்கு இல்லையோ?"

அடுத்த நாளே அவள் வல்வெட்டித்துறைக்கு பஸ் ஏறிப் போய், கடற்கரை மணலை ஒரு பையில் அள்ளிக்கொண்டு வந்தாள். பேசினில் கொட்டி, "இதுக்குள்ளை வையுங்கோ. அரிசியும் ஒண்டுதான், இதுவும் ஒண்டுதான்" என்றாள். வைத்தேன். மணலுக்குள் கிடந்த உடைந்த சிப்பி உள்ளங்காலில் குத்தியது. உச்சந்தலைவரைக்கும் எரிந்தது. பேசினைத் தூக்கி முற்றத்தில் எறிந்தேன். கால் திரும்பவும் பஞ்சையும் பொறுக்காத நிலைக்குப் போனது. "நான் அரிசியெண்டெல்லோ சொன்னனான்" என்று ஆஸ்பத்திரிப் பிள்ளையிடமும் ஏச்சு வாங்கினேன். சிப்பி குத்தியதும் எனக்கு, ஏச்சும் எனக்கு!

துவாய்க்குக் கால் பழகிய மறுநாள் காலை, நான் உட்காரும் கதிரைக்குக் கீழே பேசின் நிறையப் புழுங்கலரிசி இருந்தது. மனைவி அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "வையுங்கோ" என்று சொல்லிவிட்டு, பார்க்காமல் குசினிக்குள் போய்விட்டாள்.

ஒவ்வொரு மணியும் ஊசியாய்க் குத்தியது. காலைக்கும் மாலைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு அளைந்தேன். வெள்ளிக்கிழமைதோறும் அவள் பழைய அரிசியை எடுத்துவிட்டுப் புதிதாய்ப் போடுவாள். எடுத்ததை என்ன செய்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன். "அது போற இடத்துக்குப் போகும்" என்றாள். பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குப் போகிறதாக்கும் என்று விட்டுவிட்டேன்.

திருவிழா முடிந்தது. முதலாளி வெறும் பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தி, தானும் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றினேன். என்றைக்கும் வெறுங்காலோடு ஓட்டித்தான் பழக்கம். சந்தையைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போக, மாடு ஒன்று குறுக்கே இறங்கியது. மிதித்தேன். கால் எரிந்தது. ஆனால் பின்வாங்கவில்லை. மாட்டுக்கு முன்னால் பஸ் நின்றது. முதலாளி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கே வா" என்றார்.

அவளிடம் சொல்லவென்று கெந்திக் கெந்தி வீட்டுக்கு வந்தேன். இந்த நேரத்தில் என்னை அவள் எதிர்பார்க்கவில்லை. குசினியில் நிலத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அடுப்பில் இரண்டு பானைகள், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

"உதென்ன சோறு?"

அவள் கை நின்றது. "அரிசியை எறியச் சொல்லுறியளே? எத்தினைதரம் கழுவினனான் தெரியுமே?"

"உனக்கென்ன விசரே? நான் கால் வைச்சு அளைஞ்ச அரிசி! இவ்வளவு நாளும் உதையோ தின்னுறாய்?" நான் போட்ட சத்தம் றோட்டுக்குக் கேட்டிருக்கும்.

அவள் பயந்துபோய் அவசரமாகப் பெரிய பானையைக் காட்டினாள். "உங்களுக்கு அதிலை போடேல்லை. ஒருநாளும் போடேல்லை. உங்கடை சோறு வேறை."

நான் அதற்குத்தான் கோபிக்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

அவள் மடியிலிருந்த சோற்றுக் கோப்பையைப் பறித்தேன். எறியத்தான் பறித்தேன். கை ஓங்கவில்லை. அப்படியே நிலத்தில் உட்கார்ந்து, அவள் பிசைந்து வைத்திருந்ததை அள்ளி வாயில் போட்டேன். அவள் தடுக்கப் பார்த்தாள். கையைத் தட்டிவிட்டேன்.

"பிறேக் பிடிச்சிட்டன்" என்றேன், வாய் நிறையச் சோற்றோடு. கோபமாகத்தான் சொன்னேன்.