திலகா அக்கா கேட்ட காரணம்

சுவா என்ற சிற்றூரில், எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் தமிழ்ப்பள்ளியில் திலகா அக்கா பாலர் வகுப்பு உதவியாளர். பிள்ளைகளுக்குச் சமைப்பார், கை கழுவிவிடுவார், அழுகிறவர்களைத் தேற்றுவார். வயது முப்பத்து மூன்று. பள்ளியிறுதியான ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தி, செண்டாயானில் ஒரு தொழிற்சாலையில் எட்டு வருடம் பழுதான பாகங்களைப் பிரித்தெடுத்தவர்.

என் குடும்பத்தின் முதல் பட்டதாரியான நான் அங்கே ஆசிரியை. கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளைக் கண்டறிவது என் பொறுப்பு. ஐந்து கேள்விகளில் குறைந்தது மூன்று சரியாக இல்லாவிட்டால் பெயர் பட்டியலில் ஏறும். அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளைக்குத் தனி வகுப்பு.

ஆறு வயது கவிஷாவுக்கு இரண்டுதான் சரி. கடைசிக் கேள்வியில் பதினைந்து செம்பனைக் குலைகளின் படம். "அப்பா அறுத்த குலைகள் எத்தனை?" அவள் எழுதியது பன்னிரண்டு. பிழை போட்டு, பெயரைப் பட்டியலில் எழுதினேன்.

மீ கோரெங் நூடுல்ஸ் தட்டோடு வந்த அக்கா தாளைப் பார்த்தார்.

"ஏன்னு கேட்டீங்களா டீச்சர்?"

"எண்ணத் தெரியலக்கா, அவ்வளவுதான்."

"எங்க ஃபேக்டரில ஒரு பீஸ ரிஜெக்ட் பண்ணா காரணம் எழுதணும். இல்லாட்டி சூப்பர்வைசர் நம்மள ரிஜெக்ட் பண்ணிடுவான்லா." சிரித்துக்கொண்டே கூப்பிட்டார். "கவிம்மா, இங்க வாடி. இது ஏன் பன்னண்டு?"

"மூணு கருப்பா இருக்குல்ல ஆண்ட்டி. காய் அது. எண்ண மாட்டாங்க. மண்டோர் அப்பாவ ஏசுவாரு."

பள்ளி அச்சு இயந்திரத்தில் சிவப்பு மை தீர்ந்து, அடிவரிசைக் குலைகள் மூன்றும் கருத்து விழுந்திருந்தன. தோட்டத்தில் சிவந்து பழுத்த குலைக்குத்தான் கணக்கு; காயை அறுத்தால் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் ஏசுவார்.

என் அப்பாவும் குலை அறுத்தவர்தான். எனக்கு ஏன் தோன்றவில்லை? அவரிடம் நானும் இப்படி எத்தனையோ கேட்டு வளர்ந்தவள்தானே?

கவிஷாவின் பெயரை அடித்தேன். பட்டியலில் இருந்த மற்ற நால்வரையும் அழைத்து, அக்காவையே கேட்கச் சொன்னேன். அவர் கேட்டார், நான் எழுதினேன். இரண்டு பேருக்கு உண்மையாகவே எண்ண வரவில்லை. அவர்கள் பெயர் மட்டும் பட்டியலில் இருந்தது, பக்கத்தில் காரணத்தோடு.

தலைமையாசிரியர் துரைசிங்கம் அறிக்கையைப் புரட்டினார்.

"மதிப்பிட்டவர்னு ரெண்டு பேர் போட்டிருக்கீங்க. திலகா சமைக்கிறவங்கதானே?"

"ஆமா சார். பிள்ளைங்ககிட்ட ஏன்னு கேட்டது அவங்கதான்."

என் குரல் தேவைக்கு மேலேயே உயர்ந்திருந்தது. அவர் ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு, மதிப்பிட்டவர் இருவரில் எந்தப் பெயரையும் அடிக்காமல் கையெழுத்துப் போட்டார்.