ஏழாவது அன்பியத்தின் வானதூதருக்கு

தபால் கோந்தின் வாசனை. புளித்த கஞ்சியும் மரப்பிசினும் கொஞ்சம் அரசாங்க அலுப்பும் கலந்த வாசனை. போன வாரம் வெளியூர்த் தபால் நிலையம் ஒன்றில், விளிம்பு கறுத்த கிண்ணத்துக்குள் விரலை விட்டேன். அது மூக்கில் ஏறியது. ஏறிய வேகத்தில் என்னைத் தூக்கிக்கொண்டுபோய் இரண்டாயிரத்து ஐந்து வைகாசியில், மரக்காணத்தில், உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசவைக்கும் ஒரு சனிக்கிழமையில், பெண் பார்க்க வந்தவர்களுக்கு வைத்த கேசரித் தட்டுக்கு எதிரே உட்கார வைத்துவிட்டது. தனியாகச் சிரித்தேன். பின்னால் நின்றவர், "கவுன்ட்டர மூடப் போறாங்க மேடம்" என்றார்.

அப்போது நான் அங்கே தமிழ் டீச்சர். ஓரிடத்தில் நிற்காத கால், ஒரு வரியில் நிற்காத பேனா. நான் எழுதுவது கவிதையா உரைநடையா என்று எனக்கே தெரியாது. சிறு பத்திரிகைகளில் வரும். நானும் பிழை திருத்துகிறவரும் படிப்போம்.

அதற்கு முந்தைய மார்கழியில் அலை வந்து போயிருந்தது. அதன் பிறகு எங்கள் கத்தோலிக்கப் பங்கில் எல்லோர் வாயிலும் ஒரே புத்தகம்: பைபிளின் கடைசியில் வரும் திருவெளிப்பாடு. வாயில்தான், கையில் இல்லை. மைக் கட்டிய வேன்கள் உலக முடிவை அறிவித்தபடி கடற்கரைச் சாலையில் போய்க்கொண்டிருந்தன. பாட்டுக் குழுவில் ஆர்மோனியம் வாசிப்பவர், புதிதாக வாங்கிய செல் நம்பரில் அந்தப் புத்தகத்து மிருகத்தின் எண்ணான மூன்று ஆறு வந்துவிட்டது என்று சிம் கார்டைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுக்கப் போனார். கடைக்காரர் வாங்கிக்கொள்ளவில்லை. பிறகு ஆர்மோனியக்காரர் அதைக் கோயிலில் மந்திரிக்கக் கொண்டுவந்தார். பத்துக் கொம்புள்ள மிருகம் யார் என்று டீக்கடையில் தினமும் ஒரு தீர்ப்பு. ஒரு நாள் ஏதோ ஒரு நாட்டுத் தலைவர், மறுநாள் யாரோ ஒருவருடைய மாமியார்.

பங்குச் சாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"டீச்சர், மிருகத்த அப்புறம் பாத்துக்கலாம். அந்தப் புஸ்தகத்துல மிருகம் வர்றதுக்கு முன்னாடி ஏழு ஊர் சபைக்கு ஏழு கடுதாசி வருது. ஒவ்வொண்ணுலயும் நல்லது இருந்தா நல்லது, கொற இருந்தா கொற, கடேசில ஒரு வாக்கு. நம்ம பங்குலயும் ஏழு அன்பியம் இருக்குது. ஏழு கடுதாசி எழுதிக் குடுங்க, ஞாயித்துக்கெழம பூசையில படிச்சிடலாம். புரியற மாதிரி எழுதுங்க. கவித கிவித வேணாம்."

தெருவுக்கு இருபது முப்பது குடும்பமாகப் பிரித்து, வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பார்களே, அதுதான் அன்பியம். ஏழுக்கு ஏழு பொருந்தியதில் சாமியாருக்கு அப்படி ஒரு சந்தோஷம். சொல்லிவிட்டு அவர் பத்து நாள் தியானத்துக்கு வெளியூர் போய்விட்டார். கவிதையைத் தடுக்க ஊரில் ஆள் இல்லாமல் போனது.

எழுதினேன். ஏழு இரவு வேண்டாம், ஒரு மத்தியானமே போதுமாயிருந்தது. எழுதி முடித்ததும், இதைப் பூசையில் படித்தால் என்ன சுகம், கடிதம் என்றால் தபாலில் அல்லவா வரவேண்டும் என்று ஒரு கிறுக்கு. மூலத்தில் ஒவ்வொரு கடிதமும் அந்தந்தச் சபையின் வானதூதருக்கு என்றுதான் தொடங்கும். நானும் உறையின் மேல், 'வானதூதர், முதலாம் அன்பியம்' என்று தொடங்கி ஏழு வரைக்கும் முத்து முத்தாக எழுதினேன். தபால் நிலையக் கோந்தைத் தடவி ஒட்டி, பெட்டியில் போட்டேன்.

போஸ்ட்மேன் ஆறு கடிதத்தை அப்படியே சாமியார் வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டார். வானதூதர் என்றால் அங்கேதானே இருக்கவேண்டும். ஏழாவதை மட்டும் அவர் சரியாகச் சேர்த்தார். ஏனென்றால் ஏழாம் அன்பியத்து எல்லைக்குள் ஒரு பெண் இருந்தாள். அவள் பெயரைச் சொல்லமாட்டேன், ஆனால் அதைத் தமிழில் பெயர்த்தால் வானதூதர் என்றுதான் வரும்.

அவள் அப்பாதான் ஏழாம் அன்பியத்தின் தலைவர். குத்தகைக்கு உப்பளம் எடுத்து நடத்துகிறவர், என் பக்கத்து வீடு. நல்ல மனுஷர். கோயிலுக்கு ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்திருந்தார். மூன்று இறக்கையிலும் சிவப்புப் பெயின்டில் தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர் எழுதியிருந்தார். சுற்றினால் பெயர் தெரியாது என்பதால் அதைப் போடவிடமாட்டார். வைகாசி வெயிலில் அதன் கீழே உட்கார்ந்து மூன்று தலைமுறையை வாசித்தபடி வியர்த்திருக்கிறோம். ஏழாவது கடிதத்தை எழுதும்போது என் மனக்கண்ணில் ஓடாமல் நின்றது அந்த விசிறிதான்.

அந்தச் சனிக்கிழமை அவர் வீட்டுக்குக் குயிலாப்பாளையத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைப் பையனுக்குப் பாண்டியில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை. கூட வந்தவர்கள் அவன் அம்மா, தாய்மாமன், வேன் நிறையச் சொந்தம். நான் பக்கத்து வீடு என்பதால் பஜ்ஜிக்கும் கேசரிக்கும் பொறுப்பு. காலையிலேயே அந்தப் பெண் சமையலறையில் என் முந்தானையைப் பிடித்து இழுத்து ரகசியம் சொல்லியிருந்தாள்.

"டீச்சர், ரெண்டு வருஷமா ஒரே பஸ்லதான் பாண்டிக்குப் போறோம், வர்றோம். நான்தான் தரகர்கிட்ட அவங்க வூட்டு அட்ரஸ் குடுத்தேன். அப்பாக்குத் தெரியாது. இது மட்டும் தட்டிப் போச்சு, நான் உப்பளத்துலயே போய்ப் படுத்துக்குவேன்."

"படு. ஊறுகா ஆயிடுவ."

"சிரிக்காதீங்க டீச்சர்!"

கேசரி போய், பஜ்ஜி போய், மாமன் ஏப்பம் விட்ட நேரம். வாசலில் சைக்கிள் மணி. "வானதூதர் வூடு இதானே?"

பெண்ணின் அப்பா கையில் காப்பித் தட்டு இருந்தது. வாசலோரம் உட்கார்ந்திருந்த மாமன்தான் போஸ்ட்மேன் நீட்டிய கடிதத்தை வாங்கினார். ஏதோ அரசாங்க ஆபீஸில் இருந்து ரிடையர் ஆனவர், எந்தக் காகிதம் கண்ணில் பட்டாலும் படித்துவிடுகிற ஆள். அதிலும் உப்புக் காற்றில் எங்கள் ஊர்க் கோந்து காய்வதே இல்லை. உறை வாயைப் பிளந்துகொண்டு வந்திருந்தது. அவர் உரக்கப் படிக்கத் தொடங்கினார்.

"உன்னை எனக்குத் தெரியும். உன் பாத்தியில் நீர் கொதிக்கவும் இல்லை, குளிரவும் இல்லை. வெதுவெதுவென்று கிடக்கிறது. வெதுவெதுப்பில் உப்பு இறங்குமா? வசதியாக இருக்கிறேன், எனக்கென்ன குறை என்கிறாய். நீ ஏழை, அது உனக்குத் தெரியாது. உனக்குப் பார்வை இல்லை, அதுவும் தெரியாது. உடுத்தத் துணியின்றி நடுத்தெருவில் நிற்கிறாய். அது ஊருக்கே தெரியும், உனக்குத்தான் தெரியாது. கண்ணுக்கு மருந்து வாங்கிப் போடு. இப்படிக்கு, ஏழு விண்மீன்களை வலக்கையில் வைத்திருப்பவர்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். முதலில் எனக்குத் தோன்றியது பயம் இல்லை. 'நடுத்தெருவில்' என்ற இடத்தில் மாமன் மூச்சு விட்டுவிட்டாரே, அங்கே விடக்கூடாதே என்பதுதான்.

பிறகுதான் அறையைப் பார்த்தேன்.

"மொட்டக் கடுதாசி" என்றார் மாமன். இந்தப் பக்கத்தில் கல்யாணத்தைக் கெடுக்க அதைவிடச் சிக்கனமான கருவி கிடையாது. கையெழுத்து இல்லாத ஒரு தாள், ஒரு தபால் தலை, முடிந்தது சம்பந்தம். "ஏழு விண்மீன கையில வச்சிருக்கானாம். யார்யா அவன், ஜோசியக்காரனா?"

மாப்பிள்ளையின் அம்மாவோ கடைசி வரியைப் பிடித்துக்கொண்டார். "கண்ணுக்கு மருந்து போடணுமாமே. பொண்ணுக்குப் பார்வ சரியில்லியா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க!" என்று பெண்ணின் அம்மா பதறினார்.

"அப்ப அந்தக் காலண்டர படிக்கச் சொல்லுங்க."

பெண் கூடத்தின் ஒரு மூலையில், தேதிக் காலண்டர் எதிர் மூலையில். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு அவள் படித்தாள். தேதியைப் படித்தாள். அதற்குக் கீழே அன்றைய புனிதரைப் படித்தாள். அதற்கும் கீழே, அச்சகத்தின் போன் நம்பரைப் படித்தாள். நிறுத்தாமல், "மாமா, உங்க சட்டையில மூணாவது பட்டன நாலாவது காஜால போட்டிருக்கீங்க" என்றாள்.

மாமன் குனிந்து பார்த்தார். உண்மை. பையன் முதல் தடவையாகச் சிரித்தான். அவன் அம்மா அவனைப் பார்த்த பார்வையில் சிரிப்பை விழுங்கினான். யாருக்கும் அந்தச் சிரிப்பு உதவவில்லை. மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வேன் டிரைவரைக் கூப்பிடச் சொன்னார். பெண் என்னைப் பார்த்தாள், கண்ணில் நீர் கோத்திருந்தது.

"அத எழுதுனது நான்தான்" என்றேன்.

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

"ஏம்மா," என்றார் மாப்பிள்ளையின் அம்மா, மெதுவாக. "பஜ்ஜி சுட்டுக் குடுத்துக்கினே இந்த வேலயும் பாத்தியா? உனக்கும் இவங்களுக்கும் இன்னா பகை?"

"பகை இல்லீங்க. இது பைபிள்ல இருக்கறது."

"பைபிள்ல மரக்காணத்தப் பத்தியா எழுதியிருக்குது?"

சொன்னால் புரியாது, காட்டவேண்டும். வீட்டு பைபிள் ஷோகேஸுக்குள், பிளாஸ்டிக் ரோஜாவுக்கும் கல்யாண போட்டோவுக்கும் நடுவில், நல்லபடியாகப் பூட்டியிருந்தது. சாவி இல்லை. எட்டு வருஷமாக இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஷோகேஸைச் சுவரிலிருந்து நகர்த்தி, பின்பலகையின் ஆணியை நெம்பி எடுத்தோம். புத்தகம் வந்தது. ஆனால் கடைசிப் பக்கங்கள் உப்புக் காற்றின் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டி, மரக்கட்டை மாதிரி இருந்தன. திருவெளிப்பாடு மட்டும் வெளிப்பட மறுத்தது.

"பிச்சிடாதீங்க, வேதம்!" என்று கத்திய பெண்ணின் அம்மா, காப்பிக்குக் கொதித்துக்கொண்டிருந்த பாலின் ஆவியில் அதைக் காட்டினார். நாங்கள் எல்லோரும், சம்பந்தம் பேச வந்தவர்களும் பேசப்பட்டவர்களும், அடுப்பைச் சுற்றி நின்றோம். ஆவி ஏற ஏற ஏடு ஏடாகப் பிரிந்தது. பூசை நேரத்தில்கூட அப்படி ஒரு பக்தியோடு நான் யாரையும் பார்த்ததில்லை.

மூன்றாம் அதிகாரத்தின் கடைசியைக் காட்டினேன். மாமன் படித்தார், இந்த முறை உதட்டுக்குள். புருவம் உயர்ந்தது.

"இதுல வாந்தியே எடுத்துடுவேன்னு போட்டிருக்குதே! டீச்சர் மரியாதையாத்தான் எழுதியிருக்காங்க."

பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. முன்னால் புரட்டி மற்ற ஆறையும் படித்தார். பழைய அன்பைக் கைவிட்ட சபை அவருடைய தம்பி வீடு என்றார். உயிரோடு இருப்பதாகப் பேர் வாங்கிச் செத்துக் கிடக்கிற சபை பக்கத்துப் பங்கு என்றார். குறையே சொல்லப்படாத இரண்டு சபை உண்டு. "அது நாங்க" என்று நெஞ்சில் தட்டியே சொன்னார்.

அங்கேதான் எனக்கு உறைத்தது. அந்த அடுப்பைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு ஞானஸ்நானம் பெற்றவர்கள் நின்றோம். ஒருவர்கூட, இதில் இருப்பது உண்மையா என்று கேட்கவில்லை. யார் எழுதியது, யாரைப் பற்றி எழுதியது, இரண்டே கேள்வி. மிருகத்தையும் அப்படித்தான் தேடினோம், எப்போதும் அடுத்த தெருவில். அந்தப் புத்தகம் பயமுறுத்துவது பத்துக் கொம்பால் இல்லை. வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அட்ரஸ் தப்பு என்று சொல்லவே முடியாதபடி அது எழுதப்பட்டிருக்கிறது. அதிலும் என் கதை இன்னும் மோசம். ஏழு கடிதம் எழுதியவள் எனக்கென்று ஒன்று எழுதவேண்டும் என்று நினைக்கவே இல்லை.

கேட்டவர் ஒருவர் மட்டும்தான். பெண்ணின் அப்பா.

"டீச்சர், நெஜமாலுமே என்ன நெனச்சுத்தான் எழுதுனீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்ணுக்காகவாவது சொல்லியிருக்கவேண்டும். "ஆமாங்க" என்றேன். "அந்த ஃபேன நெனச்சேன்."

அவர் மாமனிடமிருந்து கடிதத்தை வாங்கினார். இன்னொரு தரம் படித்தார்.

"வசதியா இருக்கேன்னு பீத்திக்கினது நெஜம். கண்ணு தெரியலன்றதும் ஒத்துக்கறேன். ஆனா டீச்சர், வெதுவெதுப்புல உப்பு எறங்காதுன்னு எழுதியிருக்கீங்களே, அது தப்பு. சுத்தத் தப்பு." குரல் ஏறியது. "பாத்தித் தண்ணி கொதிச்சா யாரு எறங்கி உப்ப வார்றது? கால் வெந்துடாது? சில்லுனு கெடந்தா அது மழத்தண்ணி, உப்பே வெளையாது. வெதுவெதுன்னு இருக்கணும், மேல காத்து அடிக்கணும். அப்பத்தான் உப்பு. இருவத்தஞ்சு வருஷமா வார்றேன். இத்த யார்கிட்டயாவது கேட்டுட்டு எழுதக்கூடாதா?"

நான் அந்த ஊருக்கு வந்து ஆறு வருஷம். ஜன்னலைத் திறந்தால் உப்பளம். அதில் ஒரு நாள்கூடக் கால் வைத்ததில்லை, உவமை மட்டும் எடுத்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன், அந்த வரிக்கு. அவர் மற்ற எல்லா வரியையும் ஏற்றுக்கொண்டு அந்த ஒன்றில் மட்டும் ஜெயித்து நின்றார். வேட்டியை மடித்துக் கட்டிய அந்த நிற்பில் அப்படி ஒரு கம்பீரம்.

மாப்பிள்ளையின் அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம்பி பக்கம் திரும்பி, "டேய், உப்பு எப்புடி வெளையும்னே தெரியாதவங்க எழுதுன கடுதாசிய வச்சிக்கினு நீ இன்னாடா சத்தம் போட்ட?" என்றார். "மனுஷன் தப்ப தப்புன்னு ஒத்துக்கறாரு, தெரிஞ்சத தெரியும்ன்றாரு. இதுக்கு மேல இன்னா விசாரிக்கணும்? பட்டன ஒழுங்காப் போடு."

பெண்ணிடம் வந்தார். அவள் கன்னத்தை இரண்டு விரலால் தொட்டு, விரலை முத்தமிட்டுக்கொண்டார். வேனில் ஏறினார்கள். பையன் கடைசியாக ஏறினான், ஏறவே மனமில்லாதவன் போல. பெண் ஜன்னல் கம்பிக்குப் பின்னால். அவள் அப்பா வாசலில் கைகூப்பி நின்றார், இன்னும் யாரும் எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லையே என்ற தவிப்போடு. வேன் உறுமிப் புகை விட்டது. மாப்பிள்ளையின் அம்மா கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"அடுத்த ஞாயித்துக்கெழம எங்க வூடு பாக்க வந்துடுங்க, சம்பந்தி. டீச்சரையும் இட்டுக்கினு வாங்க. பேனாவ மட்டும் புடுங்கி வச்சிட்டு இட்டுக்கினு வாங்க."