எதிர்க்கடையைப் பார்த்து பிரவுசர் மாற்றிய கதை

நேற்று பொறாமையில் ஒரு பிரவுசரை அழித்தேன். இன்று காலை மாட்டிக்கொண்டேன்!

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். நேர் எதிரில் பிரபுவும் வைத்திருக்கிறான். விழுப்புரத்துக்காரன், கல்லூரியில் என்னோடு ஒரே பெஞ்ச். (விழுப்புரத்தில் இடமே இல்லையா? என் மூக்குக்கு நேராகத்தான் கடை போட வேண்டுமா?)

அவன் கடையில் எந்தப் பக்கமும் படக்கென்று திறக்கும். என் கடையில் வட்டம் சுற்றும். கஸ்டமர் என்னைப் பார்ப்பார், நான் வட்டத்தைப் பார்ப்பேன், வட்டம் எங்கள் இருவரையும் மதிக்காது.

நேற்று பட்டா எடுக்க வந்த கூட்டேரிப்பட்டுக்காரர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

"இன்னாபா, எதிர்க்க போனா டீ ஆர்றதுக்குள்ள எடுத்துக் குடுத்துட்றாரு. நீ இன்னும் சுத்த வுட்டுக்கினு கீற?"

எழுந்து போனார். எங்கே என்று வேறு சொல்ல வேண்டுமா?

வயிறு எரிந்தது. புதுக் கம்ப்யூட்டருக்கு வழியில்லை. பிரவுசரையாவது மாற்றுவோம் என்று உட்கார்ந்தேன்.

பழையதுக்கு ஆறு டேப் திறந்தாலே மூச்சு வாங்கும். ஏழாவது திறந்தால் உறைந்து நின்றுவிடும்.

இரண்டாவது ஒன்று போட்டுப் பார்த்தேன். வேகம் பரவாயில்லை. ஆனால் பிரிண்ட் எடுத்தால் வலது ஓரம் வெட்டுப்படுகிறது. (விண்ணப்பத்தில் பாதி முகத்தோடு எவன் வேலை கொடுப்பான்?)

மூன்றாவது பறந்தது! பன்னிரண்டு டேப், ஒருமுறைகூட நிற்கவில்லை. விளம்பரங்களை அதுவே தடுத்துவிடுகிறது. பிரிண்ட்டும் ஒழுங்காக வந்தது.

உடனே பழையதை அன்இன்ஸ்டால் செய்தேன். சேமித்த தகவல்களையும் அழிக்கலாமா என்று ஒரு கட்டம் கேட்டது. பிரபு கடைக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே டிக் அடித்தேன்.

இன்று காலை செல்வி அக்கா வந்தார். மரக்காணம் பக்கம் மீனவக் குப்பம். கூடவே மகள் கௌசல்யா. நர்சிங் சேர்க்கைக்குப் போன மாதம் நான்தான் அவளுக்குப் பதிவு செய்து கொடுத்தேன். எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று வரிசைப்படுத்தி லாக் செய்ய இன்று மாலைதான் கடைசி.

"தம்பி, ஜல்தியா முடிச்சுக் குடு. பஸ்ஸு புடிக்கணும்."

தளம் ஒரு நொடியில் திறந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை!

பாஸ்வேர்டு கட்டம் காலியாக இருந்தது.

என் கடை வழக்கம் இதுதான்: பாஸ்வேர்டை நானே போடுவேன், பிரவுசர் வைத்துக்கொள்ளும். கஸ்டமர் கேட்க மாட்டார், நானும் கொடுக்க மாட்டேன். அத்தனை பேருடையதையும் நேற்று ஒரே டிக்கில் அழித்திருக்கிறேன்.

"அண்ணா, இன்னா ஆச்சு?" என்றாள் கௌசல்யா.

"ஒன்னுமில்லமா, சர்வர் ஸ்லோ." (பொய்.)

'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா' என்பதை அழுத்தினேன். ஓடிபி அவள் அப்பா எண்ணுக்குத்தான் போகும்.

"அவரு விடியக்காலயிலயே கடலுக்குப் போயிட்டாரு தம்பி. செல்போன பாலித்தீன் கவர்ல கட்டி வச்சிருப்பாரு. உள்ள எங்க டவர் எடுக்கும்?"

"எப்ப வருவாருக்கா?"

"அத மீனத்தான் கேக்கணும்."

கௌசல்யா கல்லூரிகளை எழுதிக்கொண்டு வந்த தாளை மடித்து மடித்துத் தீப்பெட்டி அளவுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

உண்மையைச் சொன்னேன். அக்கா வெடித்தார்.

"எதிர்க்கடப் புள்ள அப்பவே பேப்பர் பின்னாடி பாஸ்வேர்ட எழுதிக் குடுத்துட்றாம்பா! எங்க தெருவே அங்கதான் போவுது. நான்தான் நீ தெரிஞ்ச புள்ளயாச்சேன்னு இங்க வந்துக்கினு கீறேன். எம் பொண்ணு படிப்பு போச்சுன்னா நீ வந்து மீன் விப்பியா?"

பெரிய ஊரில் வீட்டு சோபாவில் உட்கார்ந்து அப்பா லேப்டாப்பில் கல்லூரியை லாக் செய்கிறவளுக்கும் இதே கடைசி நாள்தான். இவளுக்கோ தமிழே இல்லாத ஒரு தளம், கடலில் இருக்கும் ஒரு போன், என் ஓட்டைக் கம்ப்யூட்டர். யார்மேல் கோபப்படுவது என்று பட்டியல் போட்டால் முதல் பெயர் என்னுடையதாக இருந்தது.

ரோட்டைத் தாண்டினேன்.

"இன்னாடா, நீயே வந்துக்கீற? மழ வரப்போவுது" என்றான் பிரபு.

சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. (சிரித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.) தன் கடையில் நின்ற கூட்டத்தை விட்டுவிட்டு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"பழச தூக்கறதுக்கு முன்னாடி வேற எதுனா போட்டியா?"

"ரெண்டு போட்டேன்."

"போடும்போது, பழசுல இருக்கறதெல்லாம் எடுத்துக்கவான்னு கேட்டிருக்குமே?"

"கேட்டுச்சு. மொதல்ல போட்டதுக்கு ஓகே அமுக்கினேன். அடுத்ததுக்குப் பொறுமயில்ல, வேணாம்னு தள்ளிட்டேன்."

"பொழச்ச போ."

நான் வேண்டாமென்று ஒதுக்கி, அழிக்காமல் விட்டிருந்த இரண்டாவது பிரவுசரைத் திறந்தான். அத்தனை பாஸ்வேர்டும் உள்ளே இருந்தது!

கௌசல்யா தாளைப் பிரித்து ஒவ்வொரு கல்லூரியாகப் படித்தாள். லாக் பட்டனை அவளே அழுத்தினாள். அக்கா பிரிண்ட்டைத் திருப்பி என் முன்னால் வைத்தார்.

"எழுது."

எழுதிக் கொடுத்தேன்.

பாஸ்வேர்டு என்னிடம் இருந்ததால்தான் பல பேர் திரும்பத் திரும்ப என் கடைக்கு வந்தார்கள். இதை சர்வீஸ் என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் கயிறு போட்டுக் கட்டிவைத்திருந்தேன். என் கஸ்டமர்கள் எல்லாரும் வந்து அவரவர் பாஸ்வேர்டை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனாலும் சரி. (போகாதீர்கள்.)

பிரபு கிளம்பும்போது மூன்றாவது பிரவுசரைப் பார்த்துவிட்டான்.

"டேய், நீ வேற ஒன்னு வச்சிக்கினு கீறியே, செம ஸ்பீடா கீது? மத்தியானம் ஆனா என்னுது தொங்கிப் போயிடுது, ஒரே பேஜாரு. பேரு இன்னாடா அது?"

அவன் கண்ணில் அந்த எரிச்சலைப் பார்த்தேன். எனக்கு ரொம்பப் பழக்கமான எரிச்சல்!

ஸ்கிரீனை மறைத்துக்கொண்டு நின்றேன். "உன் கடைல கூட்டம் நிக்குதுடா, போ போ" என்று தோளைப் பிடித்து வாசல்வரை தள்ளிக்கொண்டு போனேன்.

நன்றி பிரபு, மனசாரச் சொல்கிறேன்.

மற்றவர்கள் யாரும் அந்த பிரவுசர் பெயரை கமென்ட்டில் கேட்காதீர்கள், இன்பாக்ஸுக்கு வாருங்கள். நான் போடும் பதிவை முதலில் படிப்பவனே அவன்தான்!