ஒஸ்ரின் காரின் நான்காவது சில்லு

இது நடந்தது. கதை கட்டத் தெரிந்திருந்தால் இதைவிட நன்றாக முடித்திருப்பேன்.

நான் பௌதிகவியல் பட்டதாரி. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள். யாராவது பேய் கண்டேன் என்று வந்தால், எத்தனை மணிக்கு, வெளிச்சம் எங்கேயிருந்து வந்தது, காற்று எந்தப் பக்கம் என்று கேட்டுக் கேட்டே அழவைத்து அனுப்புவேன். அதே கேள்விகளை என்னிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். நம்பாதவர்கள் போகலாம்.

பெயர் ஆரணி. கொக்குவிலில் ஒரு மதில் வீட்டில் தனியாக இருக்கிறேன். பெண்பிள்ளை தனியாக இருக்கக்கூடாது என்று சொல்ல ஊரில் ஐம்பது பேர் உண்டு. வந்து ஒரு பின்னேரம் கூட இருக்க ஒருவர் இல்லை.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டில். அதற்குள் 1958ஆம் ஆண்டு ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ். ஒருகாலத்தில் குருநகரில் வாடகைக்கு ஓடிய கார். யாகோப்பு என்ற கிழவரிடம் ஆறு வருடங்களுக்கு முன் வாங்கினேன். அப்போது பின்சீற்றில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. லொறியில் ஏற்றும்போது கிழவர் படலையடியிலேயே நின்றார். காருக்குக் கிட்டவே வரவில்லை. வெளிக்கிடும்போது ஒன்று மட்டும் சொன்னார்.

"பிள்ளை, பிறேக் வேலையை மட்டும் தனியச் செய்யாதை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆம்பிளை என்றால் இப்படிச் சொல்லியிருப்பாரா? என்ரை வேலை எனக்குத் தெரியும் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தேன்.

ஆறு வருடமும் சனி, ஞாயிறு எல்லாம் அந்தக் காரோடுதான். துரு தின்ற தரையை வெட்டி எறிந்து புதிய தகரம் ஒட்டினேன். எஞ்சினைப் பிரித்துக் குசினி மேசையில் பரப்பினேன். கூட இருந்தவர் அப்பா மட்டும். நமசிவாயம். தோட்டங்களில் கூலி வேலை செய்து என்னைப் படிப்பித்தவர். காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை, மிதிவெடி. ஆனாலும் பிறேக் வேலைக்கு அவர்தான் என் ஆள்.

பிறேக் குழாய்க்குள் காற்றுப் புகுந்தால் அதை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீற்றில் இருந்து பிறேக் மிதியைக் காலால் அமத்திப் பிடிப்பார். மற்றவர் கீழே படுத்து, சில்லுக்குப் பின்னால் உள்ள சின்ன ஆணியைத் தளர்த்துவார். ஒயிலும் காற்றுக் குமிழும் வரும். ஆணியை இறுக்கிய பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்கலாம். முந்தி எடுத்தால் காற்று மறுபடி உள்ளே போய்விடும்.

நான் கீழேயிருந்து "அமத்துங்கோ" என்பேன். அப்பா சரிந்து உட்கார்ந்து இடது காலால் அமத்தி, "பிடிச்சிருக்கிறன்" என்பார். நான் "விடுங்கோ" என்று சொல்லும்வரை அசையமாட்டார். ஒருநாள் நான் ஆணி தளர்த்தும் சாவி தேடப் போன இடத்தில் மறந்துபோனேன். திரும்பி வரும்போது இருபது நிமிடம். கால் நடுங்க நடுங்கப் பிடித்துக்கொண்டிருந்தார்.

போன வருடம் கார்த்திகையில் அப்பா செத்துப்போனார். முதல் ஓட்டம் கீரிமலைக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தவர். வருடம் முடியும் ஆட்டைத் திவசம் கீரிமலையில், சனிக்கிழமை. அன்று கார் சொந்த எஞ்சினில் அங்கே ஓடி வராவிட்டால் திங்கட்கிழமை பழைய இரும்புக்காரன் வருவான் என்று சித்தப்பா சொல்லிவிட்டார். காணி அவர் பேரில். உந்தத் தகரத்தை உரஞ்சவோ பட்டம் எடுத்தனி என்று நான்கு பேருக்கு முன்னால் கேட்டார்.

எஞ்சின் ஓடியது. மிச்சம் இருந்தது பிறேக் மட்டும்.

செவ்வாய்க்கிழமை. மழை. பின்னேரம் 6.10க்குக் கரண்ட் போனது. ரோச்சைத் தரையில் வைத்துவிட்டுத் தொடங்கினேன். தனி ஆளுக்கு ஒரு வழி இருக்கிறது. சீற்றுக்கும் மிதிக்கும் நடுவில் ஒரு தடியை முட்டுக்கொடுக்க வேண்டும். கீழே போய்த் தளர்த்தி இறுக்கிவிட்டு, எழும்பி வந்து தடியை எடுத்து மறுபடி முட்டுக்கொடுக்க வேண்டும். ஒரு சில்லுக்குப் பத்துத் தடவை இப்படி எழும்பிப் படுக்க வேண்டும்.

6.25. இடப்பக்கப் பின்சில்லு. தளர்த்தினேன், இறுக்கினேன். முதுகு நொந்தது. என்னை அறியாமல், பழைய பழக்கத்தில், வாய் சொல்லிவிட்டது.

"அமத்துங்கோ."

க்ர்ர்ர்... மிதி இறங்கும் சத்தம்.

தளர்த்தினேன். ஒயில் வந்தது. குமிழ் வந்தது. இறுக்கினேன். "விடுங்கோ." டக். மறுபடி "அமத்துங்கோ." க்ர்ர்ர்... நான்கு தடவை செய்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

நான் எழும்பவே இல்லை.

வெளியே வந்து ரோச் அடித்தேன். சீற்றில் ஒருவரும் இல்லை. தடி விழுந்து கிடந்தது.

"அப்பா?"

தகரத்தில் மழை மட்டும்.

பயந்து ஓடியிருப்பேன் என்று நினைப்பீர்கள். ஓடவில்லை. ஒரு வருடமாக அந்த வளவுக்குள் என் சொல்லுக்கு யாரும் அசைந்ததில்லை. சோறு போட்டால் ஒரு கோப்பை. கதவு பூட்டினால் ஒரு ஆள். நான் திரும்பவும் காருக்குக் கீழே போய்ப் படுத்தேன்.

6.40. வலப்பக்கப் பின்சில்லு. "அமத்துங்கோ" என்றதும் ஈரத் தரையில் சிவப்பு வெளிச்சம் விழுந்தது. பிறேக் லைற். "விடுங்கோ" என்றதும் அணைந்தது. சரியாகத்தானே வேலை செய்கிறது என்று சந்தோசப்பட்டேன். பற்றறி அன்று காரில் இல்லை, சார்ஜுக்குக் கொடுத்திருந்தேன் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

6.55. இடப்பக்க முன்சில்லு. நான் கதைத்துக்கொண்டே வேலை செய்தேன். வேலைசெய்யும் கந்தோரில் நடந்தது. சித்தப்பா சொன்னது. ஆறு மணிக்குப் பிறகு வீடு எப்படி இருக்கும் என்பது. எல்லாம் சொன்னேன்.

"பிடிச்சிருக்கிறன் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோவன், அப்பா."

சொல்லவில்லை.

7.05. நான்காவது சில்லு. சாரதி பக்கம். கதவு திறந்திருந்தது. என் தலைக்கு நேரே மிதி.

"அமத்துங்கோ."

க்ர்ர்ர்... மிதி இறங்கியதைக் கண்ணால் கண்டேன்.

தளர்த்தினேன். ஒயில். இறுக்கினேன்.

7.09. கரண்ட் வந்தது.

தரைக்கு அடித்த புதுப் பெயின்ரில் அழுக்குப் படக்கூடாதென்று உள்ளே பேப்பர் விரித்திருந்தேன். பேப்பரில் ஒரு அடையாளம். கறுப்பு ஒயிலில்... வெறுங்கால்... ஐந்து விரல்.

பெருவிரல் இடப்பக்கம்.

வலது கால்.

அப்பாவுக்கு வலது கால் இல்லை.

ஓடினேன்.

அன்றிரவு முழுக்க வீட்டு லைற் ஒன்றும் அணைக்கவில்லை. வியாழக்கிழமை பட்டப்பகலில் பற்றறியோடு மெக்கானிக் கோபிசங்கரையும் கூட்டிக்கொண்டு போனேன். எஞ்சின் ஓடியது. கார் அசையவில்லை. நான்கு சில்லும் இறுகி நின்றன. மிதி தரையோடு தரையாகக் கிடந்தது. இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தும் மேலே வரவில்லை. சில்லு ஆணிகளைத் தளர்த்திப் பார்த்தோம். ஒயில் வந்தது, பிடி விடவில்லை. எல்லாம் கழற்ற ஒரு கிழமை வேணும் அக்கா என்றான் அவன்.

சனிக்கு இரண்டு நாள்.

வெள்ளிக்கிழமை 3.20க்கு யாகோப்பரின் வீட்டில் நின்றேன். கோபத்தோடுதான் போனேன். என்ன சாமானை எனக்கு விற்றனீங்கள் என்று கேட்டேன். பேப்பரில் கண்ட காலைச் சொன்னேன். கிழவர் கதிரையில் இருந்தார்.

பிறகு சொன்னார். சண்டைக் காலம். அவரும் தம்பி சந்தியோகும் அந்தக் காருக்குப் பிறேக் செய்துகொண்டிருந்தார்கள். தம்பிக்கு இருபத்திரண்டு வயது. சொன்ன சொல்லுக்கு நிற்பவன். அவன் சீற்றில், இவர் கீழே. "அமத்தடா" என்று சொன்ன நேரம் மேலே பிளேன் சத்தம். இவர் ஊர்ந்து வெளியே வந்து பங்கருக்குள் பாய்ந்துவிட்டார். குண்டு பக்கத்து வளவில் விழுந்தது. குண்டுச் சன்னம் கார்க் கதவைத் துளைத்துத் தம்பியின் உயிரை எடுத்தது.

"ஓடடா எண்டு கத்தினனான் எண்டுதான் இவ்வளவு காலமும் எல்லாருக்கும் சொல்லுறனான். கத்தேல்லை, பிள்ளை. திரும்பி வந்து பாக்கேக்கை மிதியிலைதான் கால். நான் விடு எண்டு சொல்லேல்லையெல்லோ."

நானும் அமத்தச் சொல்லிவிட்டு, விடச் சொல்லாமல் ஓடி வந்திருக்கிறேன்.

அவரைக் கொக்குவிலுக்கு வரச் சொன்னேன். வரமாட்டேன் என்றார். எனக்கு வாயில் வந்ததை அடக்கிக்கொண்டேன். போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

5.50. கொட்டிலுக்குள் போனேன்.

"விடுங்கோ" என்றேன். அசையவில்லை.

"சந்தியோகு, விடு." அசையவில்லை. செவ்வாயன்று என் சொல்லுக்கு விட்ட கால், நானும் ஓடிய பிறகு, முதலில் அமத்தச் சொன்னவரின் சொல்லுக்குத்தான் காத்திருந்தது.

போனில் யாகோப்பரை எடுத்தேன். சத்தத்தைக் கூட்டி, கையை நீட்டிப் போனை மிதிக்குக் கிட்டப் பிடித்தேன்.

"நீங்கள் வரவேண்டாம். சொல்லை மட்டும் சொல்லுங்கோ."

அவர் கதிரையை விட்டு எழும்பும் சத்தம் கேட்டது.

"தம்பி..."

பிறகு,

"விடடா. காணும்."

உடனே ஒன்றும் நடக்கவில்லை. பத்து எண்ணியிருப்பேன்.

டக்.

மிதி மேலே வந்தது. கார் ஒரு சாண் முன்னால் உருண்டு நின்றது. போன் லைன் அறுந்துவிட்டது.

சனிக்கிழமை காலை 6.30க்கு வெளிக்கிட்டு, மல்லாகத்தால் ஓட்டிக்கொண்டு கீரிமலைக்குப் போனேன். பிறேக் கல்லுப்போலப் பிடித்தது. சித்தப்பா காரைச் சுற்றிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் 4.15க்கு யாகோப்பர் எடுத்தார். குரல் தெளிவாக இருந்தது. கார் ஓடியதா என்று கேட்டார். ஓம் என்றேன்.

"அண்டைக்குப் போனிலை உன்னோடை நிண்ட ஐயா ஆர்?"

ஒருவரும் இல்லை, நான் தனிய என்றேன்.

"இல்லைப் பிள்ளை. நான் விடடா எண்டு சொன்ன பிறகு ஒரு ஆள் கதைச்சது. வயசான குரல். சந்தியோகின்ரை குரல் எனக்குத் தெரியாதே? அது வேறை ஆள். நீ போ தம்பி, நான் பிடிச்சிருக்கிறன் எண்டு சொல்லிச்சுது."

அப்பா சொல்லும் அந்தச் சொல்லை நான் யாகோப்பருக்குச் சொன்னதே இல்லை.

அந்தப் பத்து எண்ணும் நேரமும் சீற்றுக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில்தான் நின்றேன். மழைகூட இல்லை.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.